555 டைமரின் சதுர அலையில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் வருவது ஏன்? நிறமாலையில் எந்தக் கோட்டை நம்புவது?

கேள்வி: மூன்றாமாண்டு_ஈசிஇ

அனைவருக்கும் வணக்கம். நான் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செவ்வகத் துடிப்புகளை உருவாக்கி அவற்றின் அதிர்வெண் நிறமாலையைப் பார்ப்பது எங்கள் ஆய்வகப் பயிற்சிகளில் ஒன்று. பாடத்தில் படித்ததும் திரையில் தெரிவதும் இரண்டு இடங்களில் ஒத்துப்போகவில்லை. இரண்டு வாரமாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டுத்தான் இங்கே கேட்கிறேன்.

முதல் சிக்கல் சுற்றில் வருகிறது. சீமாஸ் வகை 555 டைமர் ஐசி ஒன்றைப் பிரெட்போர்டில் ஏஸ்டேபிள் முறையில் (தானாகவே தொடர்ந்து துடிக்கும்படி) அமைத்தேன். சப்ளை 5 வோல்ட். சப்ளைக்கும் 7ஆம் பின்னுக்கும் நடுவில் 1 கிலோஓம், 7ஆம் பின்னுக்கும் 6ஆம் பின்னுக்கும் நடுவில் 6.8 கிலோஓம், மின்தேக்கி 0.1 மைக்ரோஃபாரட். கணக்குப்படி அதிர்வெண் 986 ஹெர்ட்ஸ் வர வேண்டும், ஏறத்தாழ அப்படியே வருகிறது. ஆசிலோஸ்கோப்பில் அலை சதுரமாகத்தான் தெரிகிறது. ஆனால் எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) பொத்தானை அழுத்தியதும் அடிப்படைக் கோட்டுக்கும் மூன்றாம் ஹார்மோனிக்குக்கும் (அடிப்படை அதிர்வெண்ணின் மூன்று மடங்கு) நடுவே, சுமார் 1970 ஹெர்ட்ஸில், இன்னொரு கோடு நிற்கிறது. அது அடிப்படைக் கோட்டைவிட 19 டெசிபல் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டுமே இருக்கும் என்று படித்திருக்கிறேனே, இந்த இரண்டாவது எங்கிருந்து வந்தது?

இரண்டாவது சிக்கல் கணினியில் வருகிறது. பைத்தானில் நொடிக்கு 10,000 மாதிரிகள் என்ற வீதத்தில் 0 முதல் 5 வோல்ட் வரையிலான சதுர அலையை உருவாக்கி, 1000 மாதிரிகளுக்கு எஃப்எஃப்டி எடுத்தேன். அலையின் அதிர்வெண்ணை 1000 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் படம் ஒழுங்காக வருகிறது. 1100 ஹெர்ட்ஸ் என்று மாற்றினால் 100 ஹெர்ட்ஸில் ஒரு கோடு முளைக்கிறது. அடிப்படை அதிர்வெண்ணுக்குக் கீழே ஒரு சதுர அலைக்கு என்ன இருக்க முடியும்? நிரலில் பிழை இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

---

பதில் 1: அளவைக்கருவி

வணக்கம். முதல் சிக்கலுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். உங்கள் திரையில் தெரியும் இரண்டாம் ஹார்மோனிக் பொய்யில்லை, அது உண்மையாகவே உங்கள் அலையில் இருக்கிறது. சொல்லப்போனால், உங்கள் கண் பிடிக்கத் தவறியதை நிறமாலை பிடித்துக் கொடுத்திருக்கிறது.

555இன் ஏஸ்டேபிள் சுற்றில் மின்தேக்கி மின்னேற்றம் பெறும்போது மின்னோட்டம் இரண்டு மின்தடைகளின் வழியாகவும் வருகிறது. மின்னிறக்கம் ஆகும்போது 6.8 கிலோஓம் வழியாக மட்டுமே 7ஆம் பின்னுக்குள் போகிறது. ஆகவே, வெளியீடு உயர்ந்திருக்கும் நேரம் சுமார் 0.54 மில்லிவினாடி, தாழ்ந்திருக்கும் நேரம் சுமார் 0.47 மில்லிவினாடி. டியூட்டி சைக்கிள் (ஒரு சுழற்சியில் வெளியீடு உயர்ந்திருக்கும் பங்கு) 7.8ஐ 14.6ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 53.4 சதவீதம். திரையில் ஒரு சுழற்சி பத்துக் கட்டங்களுக்குப் பரவியிருந்தால்கூட வேறுபாடு அரைக் கட்டத்துக்குச் சற்று மேல்தான் என்பதால், அது சதுரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இப்போது ஃபூரியே தொடரின் கணக்கைப் போடுங்கள். எந்த ஒரு ஹார்மோனிக்கின் வீச்சையும் பெற, துடிப்பின் உயரத்தை இரண்டால் பெருக்கி, ஹார்மோனிக்கின் வரிசை எண்ணை பையால் (π) பெருக்கிவரும் தொகையால் வகுத்து, பிறகு வரிசை எண், பை, டியூட்டி மூன்றையும் பெருக்கிய கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். டியூட்டி 0.534 என்று வைத்தால் அடிப்படைக்கு 3.165 வோல்ட்டும் இரண்டாவதற்கு 0.34 வோல்ட்டும் கிடைக்கின்றன. விகிதம் 0.107, டெசிபலில் மைனஸ் 19.4. நீங்கள் 19 என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிட நன்றாக ஒரு பிரெட்போர்டுச் சுற்று கணக்கோடு ஒத்துப்போகாது.

பாடத்தில் சொல்வது, ஒரு சுழற்சியின் பின்பாதி அதன் முன்பாதியின் தலைகீழ் நகலாக இருந்தால் மட்டுமே பொருந்தும் (சராசரி மட்டத்தை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்). அந்தச் சமச்சீர்மை துளி பிசகினாலும் இரட்டைப்படைகள் உள்ளே வந்துவிடும். டியூட்டி 51 சதவீதம் ஆனாலே இரண்டாவது ஹார்மோனிக் மைனஸ் 30 டெசிபலில் தெரியும்; 50.1 சதவீதத்தில் மைனஸ் 50. டியூட்டியைச் சரிபார்க்க நான் கர்சர்களை நகர்த்திக்கொண்டிருப்பதில்லை, எஃப்எஃப்டியைப் போட்டு இரண்டாவது கோடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

துல்லியமான 50 சதவீதம் வேண்டுமென்றால், 6.8 கிலோஓமுக்குக் குறுக்கே டையோடு போடும் வழியைப் பலர் சொல்வார்கள். 5 வோல்ட் சப்ளையில் டையோடின் மின்னழுத்த வீழ்ச்சியே மின்னேற்ற நேரத்தைக் கணிசமாக மாற்றிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 555ஐ இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் ஓடவிட்டு, அதன் வெளியீட்டை 4013 ஃபிளிப்-ஃபிளாப்பின் கிளாக் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். கியூ-பார் வெளியீட்டை டி உள்ளீட்டோடு இணைத்துவிடுங்கள். கிளாக்கின் ஏறும் விளிம்பில் மட்டுமே நிலை மாறுவதால், 555இன் டியூட்டி எப்படி இருந்தாலும் இரண்டு பாதிகளும் சமமாக வரும். 0.1க்குப் பதில் 0.047 மைக்ரோஃபாரட் போட்டால் 555 சுமார் 2.1 கிலோஹெர்ட்ஸில் ஓடும். பாதியாக்கிய பின் 1 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே கிடைக்கும்.

---

பதில் 2: மடிப்புவிரி

முதல் பதிலில் சொன்ன கோடு உண்மையானது. உங்கள் கணினியில் தெரியும் 100 ஹெர்ட்ஸ் கோடு அப்படிப்பட்டதில்லை. நிரலில் பிழையும் இல்லை. பிழை அதற்கு முன்பே, சதுர அலையை மாதிரிகளாக எழுதிய அந்த நொடியிலேயே, நடந்துவிட்டது.

நொடிக்கு 10,000 மாதிரிகள் என்றால் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் இடம் இருக்கிறது. சதுர அலையின் ஹார்மோனிக்குகளோ முடிவில்லாமல் போகின்றன. 5000க்கு மேலே இருப்பவை காணாமல் போய்விடுவதில்லை; காகிதத்தை மடித்தால் மறுபக்கம் இந்தப் பக்கத்தின் மேல் வந்து விழுவதுபோல, 5000இல் மடிந்து கீழே வந்து அமர்கின்றன. 1100 ஹெர்ட்ஸ் அலைக்கு ஐந்தாவது ஹார்மோனிக் 5500, அது 4500இல் விழும். ஏழாவது 7700, அது 2300இல் விழும். ஒன்பதாவது 9900, அது 10,000க்கு 100 குறைவு என்பதால் 100 ஹெர்ட்ஸில் விழும். பதினொன்றாவது 12,100, அது 2100க்கு வரும். இப்படியே போனால் 100, 300, 500 என்று 100இன் ஒற்றைப்படை மடங்குகள் எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று வந்து அமரும். உங்கள் படத்தை டெசிபல் அளவுகோலில் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தக் கோடுகள் வேலிக்கால்கள்போல வரிசையாக நிற்கும். 100 ஹெர்ட்ஸ் கோட்டின் வீச்சு 0.36 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அடிப்படையின் வீச்சான 3.18 வோல்ட்டை ஒன்பதால் வகுத்தால் வருவதற்கு மிக அருகில்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 1000 ஹெர்ட்ஸில் படம் ஒழுங்காக வந்தது என்கிறீர்கள், உண்மையில் அதுவும் ஒழுங்கானதில்லை. 7000, 9000, 11,000, 13,000 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகள் மடிந்து முறையே 3000, 1000, 1000, 3000 என்று ஏற்கெனவே கோடு இருக்கும் இடங்களிலேயே விழுகின்றன. புதிய கோடு எதுவும் முளைக்காததால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. வீச்சுகளை எடுத்துப் பாருங்கள்: அடிப்படைக்கு 3.183 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 3.236 இருக்கும், மூன்றாவதற்கு 1.061 வர வேண்டிய இடத்தில் 1.236 இருக்கும். மூன்றாவது ஹார்மோனிக்கில் 16 சதவீதத்துக்கு மேல் பிழை! ஒரு சுழற்சிக்குச் சரியாகப் பத்து மாதிரிகள் என்று முழு எண்ணாக அமைத்துக்கொள்பவர்கள் பலரும் இந்தப் பிழையைப் பார்க்காமலே பயிற்சி ஏட்டை எழுதி முடித்துவிடுகிறார்கள். 1100 ஹெர்ட்ஸ் உங்களை எச்சரித்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஹார்மோனிக்குகளை ஒவ்வொன்றாகக் கூட்டி அலையை உருவாக்கி, 5000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிறுத்திக்கொள்வது முதல் வழி. 1100 ஹெர்ட்ஸ் என்றால் 1100, 3300 என்ற இரண்டு கோடுகள்தான் தேறும். அலை நெளிந்துதான் இருக்கும், ஆனால் அந்த மாதிரி வீதத்தில் நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவே. நொடிக்கு 10 லட்சம் மாதிரிகள் போன்ற உயர்ந்த வீதத்தில் உருவாக்கி, தாழ்நிலை வடிகட்டியில் செலுத்தி, அதற்குப் பிறகு மாதிரிகளைக் குறைப்பது இரண்டாவது வழி. மாதிரி எடுத்த பிறகு வடிகட்டிப் பயனில்லை. மடிந்து விழுந்த கோட்டையும் அங்கேயே பிறந்த கோட்டையும் எந்த வடிகட்டியாலும் பிரித்தறிய முடியாது. உண்மையான சுற்றிலிருந்து மின்னழுத்தத்தைப் படிக்கும்போதும் இதே விதிதான் என்பதால், வடிகட்டி ஏடிசிக்கு (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்றுக்கு) முன்னால் இருக்க வேண்டும்.

1000 மாதிரிகள் எடுத்தது நல்ல முடிவு. பழக்கத்தில் 1024 எடுத்திருந்தால் கோடுகளின் இடைவெளி 9.765625 ஹெர்ட்ஸ் ஆகி, 1000 ஹெர்ட்ஸ் என்பது 102.4ஆவது இடம் என்று இரண்டு கட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். வீச்சு சுமார் 24 சதவீதம் குறைந்து தெரிவதோடு, இரு பக்கமும் பாவாடைபோல விரிந்தும் இருக்கும். எஃப்எஃப்டிக்கு இரண்டின் அடுக்குதான் வேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு, பைத்தானின் நம்பை நூலகத்துக்கு 1000 என்றாலும் சிரமமில்லை.

திரையில் ஒரு கோட்டைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் நான் செய்வது இதுதான்: அலையைத் தொடாமல் மாதிரி வீதத்தை மட்டும் சற்றே மாற்றுவேன், 10,000ஐ 10,300 என்று. உண்மையான கோடு இருந்த அதிர்வெண்ணிலேயே நிற்கும். மடிந்து வந்த கோடு நகர்ந்துவிடும்; உங்கள் 100 ஹெர்ட்ஸ் கோடு 400க்குப் போய்விடும். ஆசிலோஸ்கோப்பிலும் டைம்பேஸ் குமிழைத் திருப்பினால் பல கருவிகளில் மாதிரி வீதம் மாறும், அங்கேயும் இதே சோதனையைச் செய்யலாம்.

---

மூன்றாமாண்டு_ஈசிஇ

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டையும் செய்து பார்த்தேன். 4013 போட்ட பிறகு 1050 ஹெர்ட்ஸ் அருகில் அடிப்படைக் கோடும், 3150 அருகில் மூன்றாவதும் நிற்கின்றன. இரண்டாவது இருந்த இடம் இரைச்சலோடு இரைச்சலாகிவிட்டது. பைத்தானில் மாதிரி வீதத்தை 10,300 ஆக்கியதும் 100 ஹெர்ட்ஸ் கோடு அப்படியே 400க்குப் போனது. 1000 ஹெர்ட்ஸ் படத்தின் மூன்றாவது ஹார்மோனிக் 1.236 என்று திரையில் வந்தபோது, பயிற்சி ஏட்டில் நான் எழுதி வைத்திருந்த பக்கத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஃபிளிப்-ஃபிளாப் வெளியீடு 0 முதல் 5 வோல்ட் வரை ஏறி இறங்குகிறது. அடிப்படையின் வீச்சு 3.183 வோல்ட், அதை 1 வோல்ட்டோடு ஒப்பிட்டால் 10 டெசிபலுக்குச் சற்று மேலே வர வேண்டும். திரையில் 7 என்றுதான் காட்டுகிறது. மற்றொன்று, துடிப்பின் அகலத்தைக் குறைத்துக்கொண்டே போனால் நிறமாலை விரியும் என்று படித்தேன். தனியொரு துடிப்புக்குக் கோடுகளே இல்லாமல் தொடர்ச்சியான நிறமாலை வரும் என்றும் சொல்கிறார்கள். கோடுகள் எப்படித் தொடர்ச்சியாக மாறுகின்றன என்பது மனதில் படியவில்லை.

---

பதில் 3: அளவைக்கருவி

முதல் ஐயத்துக்குச் சுருக்கமான விடை: பெரும்பாலான ஆசிலோஸ்கோப்புகள் எஃப்எஃப்டியில் உச்ச மதிப்பைக் காட்டுவதில்லை, ஆர்எம்எஸ் மதிப்பைத்தான் காட்டுகின்றன. 3.183ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2.25 வோல்ட், அது 7.05 டெசிபல். உங்கள் 3 டெசிபல் அங்கேதான் போயிற்று. வீச்சைத் துல்லியமாகப் படிக்க விண்டோவை (எஃப்எஃப்டிக்கு முன் மாதிரிகளைப் பெருக்கும் எடைச் சார்பை) ஃபிளாட்-டாப் வகைக்கு மாற்றுங்கள். விண்டோ எதுவும் இல்லாமல் விட்டால் அலையின் அதிர்வெண் எஃப்எஃப்டியின் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விழும்போது 3.9 டெசிபல் வரை குறைத்துக் காட்டும், ஹானிங்கில் 1.4 வரை குறையும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஹானிங்கே போதும்.

---

பதில் 4: இரைச்சல்வேட்டை

நான் மின்காந்த இடையூறு அளக்கும் வேலையில் இருப்பவன். இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது எனக்கு அன்றாடம் கைப்பழக்கமான விஷயம்.

இரண்டு அளவுகளைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். துடிப்புகள் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகின்றன என்பது கோடுகளின் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு அகலம் என்பது அந்தக் கோடுகளின் தலைகளைத் தொட்டுச் செல்லும் உறையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. அந்த உறைதான் சின்க் சார்பு (ஒரு கோணத்தின் சைனை அந்தக் கோணத்தாலேயே வகுத்தது). அகலத்தின் தலைகீழியிலும் அதன் மடங்குகளிலும் அது சுழியத்தைத் தொடும்.

ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ், 25 சதவீத டியூட்டி வைத்துப் பாருங்கள். அகலம் 0.25 மில்லிவினாடி, எனவே முதல் சுழியம் 4 கிலோஹெர்ட்ஸில். 0 முதல் 5 வோல்ட் துடிப்புக்கு ஹார்மோனிக்குகளின் உச்ச மதிப்புகள் வரிசையாக 2.25, 1.59, 0.75 வோல்ட் என்று இறங்கும். நான்காவது இருக்காது. ஐந்தாவது 0.45, ஆறாவது 0.53. ஆறாவது ஐந்தாவதைவிட உயர்ந்து நிற்பதைப் பார்த்ததும் கருவி தவறு செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உறை நான்காவதில் சுழியத்தைத் தொட்டு, அடுத்த மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. திரையில் காணாமல் போன கோட்டை வைத்தே துடிப்பின் அகலத்தைச் சொல்லிவிடலாம்.

இப்போது அகலத்தை 0.25 மில்லிவினாடியிலேயே வைத்துக்கொண்டு, அதிர்வெண்ணை மட்டும் 1000, 500, 100, 10 ஹெர்ட்ஸ் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் சுழியம் 4 கிலோஹெர்ட்ஸை விட்டு அசையாது. அதற்குள் இருக்கும் கோடுகள் மட்டும் நெருங்கிக்கொண்டே போகும்: முதலில் மூன்று, பிறகு ஏழு, பிறகு 39, பிறகு 399. ஒவ்வொரு கோட்டின் உயரமும் அதே விகிதத்தில் குறையும். உங்கள் கருவியால் கோடுகளைப் பிரித்துக் காட்ட முடியாத நிலை வரும்போது உறை மட்டுமே தெரியும். அடுத்த துடிப்பு வரவே வராது என்றால் கோடுகளின் இடைவெளியும் சுழியம் ஆகிவிடுகிறது. தனித் துடிப்பின் தொடர்ச்சியான நிறமாலை என்பது இதுதான். இதைக் குறிப்பேட்டில் படிப்பதைவிடக் குமிழைத் திருப்பிக்கொண்டே பார்ப்பது நூறு மடங்கு மேல்.

சின்க் உறையின் முதல் பக்கமேடு நடுமேட்டைவிட 13.3 டெசிபல் தாழ்ந்தது. துடிப்பின் ஆற்றலில் ஏறத்தாழ 90 சதவீதம் நடுமேட்டுக்குள் அடங்கிவிடும். ரேடார்காரர்கள் இந்தக் கணக்கில்தான் வாழ்கிறார்கள். பண்பேற்றம் இல்லாத ஒரு மைக்ரோவினாடித் துடிப்பை அனுப்பினால், சுமப்பலையின் இருபுறமும் ஒரு மெகாஹெர்ட்ஸ் தொலைவில் முதல் சுழியங்கள் விழும். அந்தத் துடிப்பால் 150 மீட்டருக்குக் குறைவான இடைவெளியில் முன்பின்னாக இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்தறிய முடியாது. நெருக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் துடிப்பைக் குறுக்க வேண்டும், குறுக்கினால் நிறமாலை அகலும். இரண்டையும் ஒருசேரக் கேட்க இயற்கை விடாது.

பாடத்தில் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான துடிப்பு எதற்கும் செங்குத்தான விளிம்பு கிடையாது. ஏறும் நேரம் 100 நானோவினாடி என்றால், அதை பையால் பெருக்கித் தலைகீழி எடுத்தால் கிடைக்கும் 3.2 மெகாஹெர்ட்ஸ் வரை உறையின் உச்சிகள் அதிர்வெண் பத்து மடங்காகும்போதெல்லாம் 20 டெசிபல் இறங்கும். அதற்கு மேலே 40 டெசிபல் வீதம் இறங்கும். ஒரு சாதனம் இடையூறு தருகிறது என்று என் மேசைக்கு வரும்போது அதன் கிளாக் அதிர்வெண்ணைக் குறைக்க வழி இருப்பதில்லை. விளிம்பைச் சற்றே மழுக்க, தொடரில் ஒரு சிறு மின்தடையைச் சேர்ப்போம், உயர் அதிர்வெண் கோடுகள் சாய்ந்துவிடும்.

இதைக் கருவி இல்லாமலும் உணரலாம். மீடியம் வேவ் இருக்கும் ஒரு சிறிய ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, உங்கள் 555 வெளியீட்டில் ஓரடி ஒயரைத் தொங்கவிட்டு அருகில் கொண்டுபோங்கள். சன்னமான விசில் ஒன்று கேட்கும். டியூனிங் குமிழைத் திருப்பினாலும் அது விட்டுப்போகாது, பட்டை முழுதும் கூடவே வரும். 1 கிலோஹெர்ட்ஸ் அலையின் கோடுகள் அதன் அறுநூறாவது, ஆயிரமாவது மடங்கு வரை அங்கே நெருக்கமாக நிற்பதால்தான் அப்படி. சப்ளை ஒயரைப் பிடுங்குங்கள், நின்றுவிடும். ஓரிரு நிமிடங்களுக்கு மேல் அப்படியே ஓடவிடாதீர்கள். பக்கத்து வீட்டு ரேடியோவிலும் அது கேட்கும்.